அக்கா யாரையும் விட்டதில்லை

ஈ.சி.ஆரில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. எது என்று சொல்ல மாட்டேன். அதன் மேலாளர் தூரத்தில் ஒரு வெள்ளை ஸ்கூட்டியைப் பார்த்தால் போதும், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடுவார். பெண்கள் கழிவறையின் பூட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஸ்கூட்டி சில நாள் நிற்கும், சில நாள் நிற்காமல் போகும். நிற்காமல் போனாலும் அன்று முழுக்க அந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

அந்த மனிதரை அப்படி ஆக்கியது அக்கா. ஒருநாள் அவசரத்துக்குச் சாவி கேட்டபோது, அது ஸ்டாஃபுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். அக்காவால் அடுத்த பங்க் வரை தாங்க முடியவில்லை. அன்று அவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்பதை அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார், நான் இங்கே எழுதவில்லை. மறு செவ்வாய்க்கிழமை, அதாவது அவருடைய வார விடுமுறை நாள், அதே பங்குக்குப் போனார். புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டு ஒரு பக்கம் முழுக்க எழுதினார். எழுதியதைப் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். அதற்கடுத்த செவ்வாயும் போனார். ஒருமுறை எழுதிய புகாரை மறுமுறை எழுத மாட்டார். தண்ணீர் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, காற்றடிக்கும் குழாயில் காற்று இல்லை, விலைப் பலகையில் ஒரு எழுத்து விழுந்துவிட்டது. பத்து செவ்வாய். பதினோராவது செவ்வாய் அந்த ஆள் சாவியை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாராம். "இன்னிக்கு வரல, வேணாம்" என்று சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டார்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் இப்பால், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் அவர் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நான் அங்கே ரிசப்ஷனில் இருந்தேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஜெனரல் மேனேஜர் தவிர நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெயரை இங்கே போடப் போவதில்லை. எங்காவது படித்துவிட்டு என்னைத் தேடி வந்தாலும் வருவார்.

உடம்பில் சதை கிடையாது. இடுப்பில் சாவிக்கொத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, நடை எப்போதும் ஓட்டமாகத்தான் இருக்கும். சில மாதங்கள் முகம் மட்டும் பூசணிக்காய் மாதிரி வட்டமாக ஊதியிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள், அக்கா நல்லா சதை போட்டிருக்கீங்க என்று ஆசையாகச் சொல்வார்கள். சதை இல்லை, ஸ்டீராய்டு மாத்திரை என்பார். எதற்கு மாத்திரை என்று கேட்டுவிட்டால் கேட்டவர் கதி அவ்வளவுதான். பெருங்குடலில் புண், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை போக வேண்டியிருக்கிறது, அதில் எத்தனை தடவை ரத்தம், எத்தனை தடவை சளி என்று வரிசையாகச் சொல்வார். கேட்டவர் கையில் டீ இருந்தால் அது ஆறிப் போகும்.

இப்படி உரக்கச் சொல்வதற்கும் காரணம் இருந்தது. கருங்குழியில் பிறந்து படாளத்தில் வாழ்க்கைப்பட்டவர். கல்யாணமான மறுவருஷமே ரத்தம் போக ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். கடைசியில் புருஷன் கூட்டிக்கொண்டு போனது, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டும் ஒரு மூலம் பவுத்திரம் வைத்தியரிடம். கத்தியில்லை, ரத்தமில்லை, ஒரே நாளில் குணம் என்று நோட்டீஸில் போட்டிருக்கும். அந்த ஒரே நாள் இரண்டு வருஷம் ஓடியது. லேகியம், சூரணம், களிம்பு. கடைசியில் சேலையெல்லாம் ரத்தமாகி மயங்கி விழுந்து, ரத்தம் பாட்டில் பாட்டிலாக ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான் அது மூலமே இல்லை என்று தெரிந்தது.

அந்த வைத்தியருக்கு அக்கா செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு குளிரும். ரிசார்ட்டில் ரிப்பேரான பாத்ரூம் கதவில் ஒட்ட ஸ்டிக்கர்கள் கட்டுக்கட்டாக இருக்கும். சிவப்பு எழுத்தில், பழுது, உபயோகிக்க வேண்டாம் என்று அச்சடித்தது. அக்கா கூடையில் எப்போதும் அதில் ஒரு கட்டு இருக்கும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை, எந்தச் சுவரில், எந்த மின்கம்பத்தில், எந்தப் பயணியர் நிழற்குடையில் அந்த நோட்டீஸ் இருந்தாலும், போன் நம்பர் மேல் சரியாக ஒரு ஸ்டிக்கர். வைத்தியர் ஆள் வைத்து மறுபடி நோட்டீஸ் ஒட்டுவார். அக்கா மறுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார். நான் தினமும் திருக்கழுக்குன்றத்திலிருந்து பைக்கில் வருகிறவன். வழி நெடுக அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருவேன். அந்த ஆள் கடையைக் காலி செய்துகொண்டு வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்ட அன்று, அக்கா எங்கள் எல்லோருக்கும் ரஸ்னா கலக்கிக் கொடுத்தார்.

அவர் நோயைப் பற்றி டாக்டர் ஒருமுறை விளக்கியிருக்கிறார். கிருமி வந்தால் அடிக்க உடம்பில் ஒரு படை இருக்கிறது, உங்களுக்கு அந்தப் படை ஆள் தெரியாமல் சொந்தக் குடலையே அடித்துக்கொண்டிருக்கிறது, அதை அடக்கி வைக்கலாம், ஒரேயடியாக ஒழிக்க முடியாது என்று. மற்றவர்கள் இதைக் கேட்டால் அழுவார்கள். அக்காவுக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடித்துப்போனது. படாளத்து வீட்டாரை மன்னித்துவிட்டுப் போகக்கூடாதா என்று லாண்டரியில் ஒரு பெரியம்மா கேட்டதற்கு, "என் ஒடம்பே என்ன மன்னிக்கல. நான் இன்னாத்துக்கு ஊரு ஒலகத்த மன்னிச்சிகினு திரியணும்?" என்றார்.

படாளத்து வீட்டில் நடந்தது இது. கொழுந்தன் கல்யாணத்தின்போது அக்காவுக்கு நோய் ஏறியிருந்த சமயம். நாத்தனார், விருந்தாளிகள் வரும் நேரத்தில் இவள் ஓடி ஓடிப் போனால் அசிங்கம் என்று வீட்டுக் கழிவறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அக்கா கரும்புத் தோட்டத்துக்குள் போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் இருக்கவில்லை. புருஷனும் கூப்பிடவில்லை. ஆனால் அந்த வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட அக்கா விட்டதில்லை. காது குத்தல், மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, எதுவானாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மொய் எழுதிவிட்டு, முதல் பந்தியில் நடுவில் உட்காருவார். பக்கத்தில் இருப்பவர் மரியாதைக்கு, உடம்பு எப்படியிருக்கு என்று கேட்பார். கேட்காவிட்டாலும் அக்கா சொல்வார். சாம்பார் ஊற்றும் நேரம் பார்த்து நிறத்திலிருந்து ஆரம்பிப்பார். நாத்தனார் பரிமாறும் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பாள். ஒருமுறை நாத்தனாரின் சம்பந்தி வீட்டுக்காரர்கள் பாதி இலையில் எழுந்து போனார்கள் என்று அக்கா சொன்னபோது அவர் முகம் கோயில் படி ஏறி வந்தவர் முகம் மாதிரி அமைதியாக இருந்தது.

எங்கள் ஜெனரல் மேனேஜருக்கும் ஒரு பாடம் நடந்தது. அந்த ஆளை எனக்குப் பிடிக்காது, அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. விருந்தாளிகளைப் பார்த்தால் இடுப்பு வளையும், எங்களைப் பார்த்தால் கழுத்து விறைக்கும். எங்களுக்கு இருந்த கழிவறை லாண்டரிக்குப் பின்னால், தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பெண்களுக்கு ஒன்று, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. அக்கா வேலை நேரத்தில் அடிக்கடி காணாமல் போகிறார் என்று மேனேஜர் ஒரு ரிஜிஸ்டர் போட்டார். போன நேரம், வந்த நேரம், காரணம், மேலதிகாரி கையெழுத்து. அக்காவுக்கு மட்டும் அந்த ரிஜிஸ்டர்.

அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பக்திசிரத்தையாக எழுதினார். காரணம் என்ற பத்தியில், தண்ணி மாதிரி, ரத்தம் இரண்டு ஸ்பூன் இருக்கும் என்று எழுதினார். அடுத்ததில், சளி மட்டும், முக்கியும் வேறு ஒன்றும் வரவில்லை என்று எழுதினார். எழுதிவிட்டு ஒவ்வொரு தடவையும் கையெழுத்துக்கு மேனேஜரைத் தேடிக்கொண்டு போவார். அவர் விருந்தாளிகளோடு உட்கார்ந்து நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அக்கா ரிஜிஸ்டரை விரித்து ஆம்லெட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, சார் படிச்சிட்டுப் போடுங்க சார் என்பார். மூன்று வாரம் தாங்கினார் மேனேஜர். அதற்குப் பிறகு ரிஜிஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா அந்த ரிஜிஸ்டரை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். மேனேஜர் அதை மறந்துவிட்டார். அக்காவை மறக்கவில்லை.

இனி என் பங்குக்கு வருகிறேன். அதே நோய் எனக்கும் இருந்தது. முப்பது வயதில் வந்தது. செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டினேன். ரிப்போர்ட்டுகளை பைக் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். வீட்டில் அல்சர் என்று சொல்லியிருந்தேன். நம் பக்கத்தில் அல்சர் என்று சொன்னால் அதோடு கேள்வி நின்றுவிடும், வேளாவேளைக்குச் சாப்பிடாததால் வந்தது என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். அம்மா தினமும் மணத்தக்காளிக் கீரை வைத்துக் கொடுத்தாள். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். மதுராந்தகத்தில் ஒரு இடம் அமைந்து நிச்சயமும் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குக் குடலில் தீராத நோய் என்று யார் போய்ச் சொல்வது?

அக்கா கண்டுபிடித்துவிட்டார். நான் ரிசப்ஷனிலிருந்து எந்தெந்த நேரம் எழுந்து போகிறேன், திரும்பி வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். ஒருநாள் யாரும் இல்லாதபோது கவுண்டரில் சாய்ந்து, "உனக்கும் இந்த நோவு கீதாப்பா?" என்று கேட்டார். இல்லக்கா, அல்சர் என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் கேன்டீனில் எல்லோருக்கும் காரக்குழம்பு ஊற்றும்போது, என் தட்டில் மட்டும் மோர் சாதம் விழும்படி சமையல்காரரிடம் ஏதோ சொல்லிவைத்திருந்தார். அதற்கும் நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும்.

நிச்சயத்துக்குப் பிறகு ஆறு மாதம் எனக்கு ஒன்றும் இல்லை. ரத்தம் நின்றுவிட்டது, ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஆரோக்கியமான மனிதன் மாதிரி. குணமாகிவிட்டது என்று நானே தீர்மானித்து மாத்திரையை நிறுத்தினேன். கல்யாணமாகி வருகிறவள் மாத்திரை டப்பாவைப் பார்த்து என்ன கேட்பாளோ என்பதுதான் உண்மையான காரணம். அந்த மாத்திரை புண்ணை ஆற்ற மட்டுமில்லை, ஆறியது திரும்பாமல் இருக்கவும்தான் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஐந்தாவது வாரம் திரும்பியது.

இங்கே ஹவுஸ்கீப்பிங் வேலையைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். அறை சுத்தமாகி, விருந்தாளி வரத் தயாராகிவிட்டால் அதற்கு ரெடி ரூம் என்று பெயர். அக்கா, விருந்தாளி காலி செய்துவிட்டுப் போன அழுக்கு அறையின் பாத்ரூமை உபயோகித்துவிட்டுப் பிறகு அதைக் கழுவுவார். ரெடி ரூமுக்குள் கால் வைக்க மாட்டார், எத்தனை அவசரமானாலும் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் ஓடுவார். ரெடி ரூம் பாத்ரூமில் டிஷ்யூ ரோலின் நுனியை முக்கோணமாக மடித்து வைப்பது வழக்கம். இதற்குப் பிறகு யாரும் தொடவில்லை என்பதற்கு அது அடையாளம். எல்லா ஹோட்டலிலும் செய்வார்கள். அக்கா மட்டும் முக்கோணத்தின் இரண்டு ஓரத்தையும் உள்ளே இன்னொரு மடிப்பு தள்ளச் சொல்வார். அவரிடம் வேலை பழகிய அத்தனை பெண்களும் அப்படித்தான் மடிப்பார்கள். ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாது.

ஒரு கல்யாண கோஷ்டி வரவேண்டிய நாள். ரிசப்ஷனுக்கு நேர் எதிரே இருந்த பெரிய சூட் அறை, மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு. மதியம் இரண்டு மணிக்கு எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அதற்குப் பிறகு இருக்கும் அவகாசம் தெரியும், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிஷம். லாண்டரி வரை போனால் வழியிலேயே ஆகிவிடும். நான் பேன்ட்டைப் பாழாக்கிக்கொண்டு வரவேற்பறையில் நிற்பதை யோசித்துப் பார்த்தேன். சாவி அட்டையை எடுத்துக்கொண்டு சூட்டுக்குள் போனேன். முடிந்ததும் தண்ணீர் ஊற்றினேன், துடைத்தேன், சென்ட் அடித்தேன், டிஷ்யூவை அழகாக முக்கோணமாக மடித்தேன். பீங்கானின் உள்விளிம்புக்கு அடியில் தெறித்த ரத்தத்தைக் கவனிக்கவில்லை.

சித்தப்பா கவனித்தார். போட்டோவும் எடுத்தார். இருபது பேர் முன்னால் அதை மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மேனேஜர் யாரைக் கூப்பிட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. ரத்தம் யாருக்குப் போகிறது என்று ஊருக்கே தெரியும், அக்காவே சொல்லி வைத்திருந்தார். அக்கா வந்து சூட் பாத்ரூமைப் பார்த்தார். நிதானமாகத் திரும்பி வந்து, ரெடி ரூமில் நான் போக மாட்டேன், கதவு எந்தக் கார்டில் திறந்தது என்று பூட்டே சொல்லும், எடுத்துப் பாருங்கள் என்றார். சொன்னது சரிதான். அந்தப் பூட்டுகளில் ஒரு சின்னக் கருவியை வைத்தால் கடைசியாகத் திறந்த கார்டுகள் யார் யாருடையவை என்று நேரத்தோடு வந்துவிடும். கருவி என்னுடைய மேஜை டிராயரில்தான் இருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"ரீடர் ஒர்க் ஆகல சார். சர்வீசுக்குக் குடுத்திருக்கோம்" என்றேன்.

குரல்கூட நடுங்கவில்லை.

ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அக்கா மறுத்துவிட்டார், அன்றைக்கே வேலையை விட்டு நீக்கினார்கள். வேலை போனால் போகட்டும், அவருக்கு வேறு ஹோட்டல் கிடைக்கும். கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையும் அதோடு போய்விடும் என்பதுதான் விஷயம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை அவருக்கு சலைனில் ஒரு ஊசி ஏற வேண்டும், அந்த ஊசிதான் ஒரு வருஷமாக அவர் குடலை அடக்கி வைத்திருந்தது, அந்த அட்டை இல்லாமல் அதை வாங்குவது அவரால் ஆகாத காரியம். இது எனக்குத் தெரியும். ஊசிக்குப் போகும் நாட்களில் லீவு லெட்டரை என்னிடம்தான் கொடுப்பார்.

சாயங்காலம் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கவுண்டருக்கு வந்தார். கூடையிலிருந்து ஒரு டிஷ்யூ ரோலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மடி" என்றார்.

மடித்தேன். ஏன் மடித்தேன் என்று தெரியவில்லை, அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் மடித்திருப்பார்கள். அவர் என் முக்கோணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் விரலால் இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளிச் சரிசெய்துவிட்டு ரோலைக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் காத்திருக்க ஆரம்பித்தேன். அக்கா யாரையும் விட்டதில்லை. என்னையும் விட மாட்டார்.

முதலில் மேனேஜர் மாட்டினார். செங்கல்பட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் அக்கா ஒரு மனு கொடுத்திருந்தார். தன் வேலையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. முப்பது பெண்களுக்குத் தாழ்ப்பாள் இல்லாத ஒரே கழிவறை, போய்வர இத்தனை நேரம் என்று மட்டும் எழுதியிருந்தார். ஆதாரம், அந்த ரிஜிஸ்டர். போன நேரம், வந்த நேரம், ஒவ்வொரு வரிக்கும் மேனேஜரின் கையெழுத்து. அதிகாரிகள் வந்து ஒரு முழுநாள் இருந்தார்கள். காரணம் என்ற பத்தியை அதிகாரி ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மேனேஜர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் அந்த அரை மணி நேரத்தை ஆயுசுக்கும் மறக்க முடியாது, அவ்வளவு இன்பமாக இருந்தது. ஒரே மாதத்தில் கிச்சனுக்குப் பக்கத்தில் மூன்று கழிவறை கட்டினார்கள். டை கட்டிய மேனேஜர் வெயிலில் டேப்பைப் பிடித்துக்கொண்டு கதவின் உயரம் அளந்தார். அப்புறம் மலைமேல் ஏதோ ஒரு கிளைக்கு அவரை மாற்றிவிட்டார்கள்.

மூன்று கழிவறையில் ஒன்று ஆண்களுக்கு. ரிசப்ஷனிலிருந்து இருபது அடி. அதை முதலில் உபயோகித்தவன் நான்.

அடுத்தது நான்தான் என்று தெரியும். மதுராந்தகத்தில் பெண் வீட்டு வாசலில் அக்கா போய் நின்று, நிறத்திலிருந்து ஆரம்பிப்பதைத் தினமும் கற்பனையில் பார்த்தேன். பெண் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் அம்மாவிடம் நீட்டிவிடுவேன். ரோட்டில் வெள்ளை ஸ்கூட்டி எதைப் பார்த்தாலும் பைக்கை ஓரம் கட்டுவேன். நோய் வேறு ஏறிக்கொண்டே போனது. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முந்தின நாள், இனி பொறுக்க முடியாது, அவர் சொல்வதற்கு முன்னால் நாமே முடித்துவிடலாம் என்று, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அம்மா ஒரு வாரம் அழுதாள். பெண் வீட்டார் வந்து வாசலில் நின்று பேசியதை அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று அவர்கள் கேட்டபோது நான் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அக்காவைப் பார்த்தேன். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி, குடல் நோய்ப் பிரிவின் வராந்தா. அதற்குள் எனக்கும் ஸ்டீராய்டு ஏறி முகம் வட்டமாகிவிட்டது, ஒளித்து வைக்க ஒன்றும் மிச்சமில்லை. பெஞ்சில் காலி இடம் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்தேன். எழுந்து ஓடவும் தெம்பில்லை.

"மொகம் வந்துடுச்சே" என்றார் அக்கா.

அவர் இன்னும் இளைத்திருந்தார். புடவைக்கு அடியில் வயிற்றின் ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து அவரே சொன்னார். ஊசி நான்கு மாதம் தவறியதும் நோய் திரும்பி வந்ததாம், பழைய மாதிரி இல்லை, பத்து மடங்காக. மறுபடி ஊசி கிடைத்தபோது அது உடம்பில் எடுபடவில்லை. பெருங்குடலை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது வயிற்றில் ஓட்டை, அதில் பை. ஓட வேண்டியதில்லை, யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை என்றார். குறை சொல்கிற தொனியே இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

மதுராந்தகத்தில் பெண் வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டேன். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கேள்வி.

"எந்தப் பொண்ணு?" என்றார்.

அவருக்கு என் நிச்சயமே தெரியாது. நான் அதையும் மறைத்துத்தான் வைத்திருந்தேன், நோயைக் கண்டுபிடித்தவர் இதையும் கண்டுபிடித்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வராந்தாவில் கூட்டம் போவதும் வருவதுமாக இருந்தது. அந்தப் பெண், அம்மா அழுதது, வாசலில் நின்ற அப்பா, எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. அத்தனையும் நானே செய்துகொண்டது.

"எல்லாருக்கும் திருப்பிக் குடுத்தீங்க. எனக்கு மட்டும் ஏன்க்கா ஒண்ணுமே செய்யல?" என்றேன். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அக்கா அவசரப்படவில்லை. கையிலிருந்த ஃபைலை மடியில் சரியாக வைத்துக்கொண்டார்.

"பாத்ரூம்ல போயி குந்தறியே, அப்ப என் நெனப்பு வருதா?"

"வருதுக்கா."

"ஒவ்வொரு வாட்டியும்?"

"ஒவ்வொரு வாட்டியும்."

"அப்ப செஞ்சிகினுதான கீறேன்" என்றார்.

உள்ளேயிருந்து நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள். அக்கா எழுந்து, புடவையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பழைய வேகத்தில் உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. வேறு வாசல் வழியாகப் போய்விட்டார் போலிருக்கிறது, அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்ததில்லை.

நல்ல நாளில் நான்கு தடவை போகிறேன். மோசமான நாளில் பதினைந்து.